புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்புகள்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் புற்றுநோய்க் களஆய்வு செய்யும் மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், புள்ளியியல் படித்தவர்கள் ஆகியோருக்காக எழுதியது. பன்னாட்டுக் கூட்டமைப்பில் சேர நினைக்கும்போது எழும் கேள்விகளும் சேர்ந்தபின் இடறும் இடங்களும் இதில் உண்டு.

கூட்டமைப்பு என்றால் என்ன? பெரிய ஆய்வு ஒன்றைப் பல ஊர்களில் நடத்துவதுதானே?

இரண்டும் வேறு. ஐரோப்பாவில் 1990-களில் தொடங்கிய 'எபிக்' ஆய்வு, 10 நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. அது முதல் நாளிலிருந்தே ஒரே ஆய்வாகத் திட்டமிடப்பட்டது. கூட்டமைப்பு அப்படியல்ல. ஏற்கெனவே தனித்தனியாக, வெவ்வேறு வினாப்படிவங்களோடு நடந்த ஆய்வுகள், ஒரு குறிப்பிட்ட கேள்விக்காகத் தங்கள் விவரங்களை ஆள்வாரியாகச் சேர்த்துக் கணக்கிட ஒப்புக்கொள்கின்றன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 2004-இல் உருவான 'இன்ஹான்ஸ்', நுரையீரலுக்கு 'இல்கோ', மார்பகத்துக்கு 'பி.சி.ஏ.சி', ஆசிய ஆய்வுகளுக்கு 'ஆசிய கோஹார்ட் கூட்டமைப்பு' என்று பல உண்டு. ஆய்வு அவரவர் கையிலேயே இருக்கும். கேள்விக்குக் கேள்வி சேரலாம், விலகியும் நிற்கலாம்.

அவரவர் முடிவை வெளியிட்ட பிறகு கட்டுரைகளைக் கூட்டிப் பார்த்தால் போதாதா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு லட்சத்தில் 3 பேருக்கு வரும் ஒரு புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 30,000 பேரைச் சேர்த்து 10 ஆண்டு விடாமல் பின்தொடர்ந்தால் 3 லட்சம் ஆள்-ஆண்டுகள். கையில் சிக்குவது 9 நோயாளிகள். அந்த 9 பேரைப் புகைத்தவர், புகைக்காதவர் என்று பிரித்தாலே கணக்கு ஆடிவிடும்.

வெளியான கட்டுரைகளைக் கூட்டுவதிலும் முட்டுக்கட்டை உண்டு. ஒருவர் வயதை 5 ஆண்டுக் கூறாகப் பிரித்திருப்பார், இன்னொருவர் 10 ஆண்டாக. ஒருவர் மதுப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார். ஆள்வாரி விவரம் கிடைத்தால்தான் எல்லோரையும் ஒரே முறையில் திரும்பக் கணக்கிட முடியும். 2002-இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளிலிருந்து மார்பகப் புற்றுநோய் வந்த 50,302 பெண்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தபோதுதான், 12 மாதம் தாய்ப்பால் கொடுப்பதற்கு 4.3 சதவீதம் என்ற அளவில் ஆபத்து குறைவதும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம் குறைவதும் தெளிவாயின. 4.3 சதவீதம் போன்ற சிறிய வித்தியாசத்தை ஒரு மாவட்டத்து ஆய்வு ஒருநாளும் பிடித்திருக்காது.

நம் பக்கத்து ஆய்வு எதுவும் உலக அளவில் பயன்பட்டிருக்கிறதா?

நன்றாகவே. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள சமூக நல மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம், லியோனில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மூன்றும் சேர்ந்து, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பார்க்கும் எளிய பரிசோதனையைச் சோதித்தன. 2007-இல் வந்த முடிவு: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஆய்வும் அப்படித்தான். இந்தியாவில் பல மையங்களில் நடந்துகொண்டிருந்த அந்த ஆய்வில் ஊசி போடுவது 2010-இல் நிறுத்தப்பட்டது. பல பெண்பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுவிட்டார்கள். அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு பின்தொடர்ந்ததில், வைரஸின் 16, 18 வகைகள் உடலில் நிலைத்துவிடாமல் ஒரு டோஸ் தரும் பாதுகாப்பு 95.4 சதவீதம் என்று 2021-இல் தெரிந்தது. ஒரு டோஸே போதும் என்ற உலக அளவிலான யோசனைக்கு அது முக்கியச் சான்று. விடாமல் வீடு தேடிப் போனவர்களின் உழைப்பு அது.

எங்களிடம் வாய்ப் புற்றுநோயாளிகள் 150 பேர்தான் இருக்கிறார்கள். சேர்த்துக்கொள்வார்களா?

எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு கூட்டமைப்புக்குக் கூட்டமைப்பு மாறும். முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள். எண்ணிக்கையைவிட அவர்கள் உற்றுப் பார்ப்பது வேறு: பயாப்சியால் உறுதியானவர்கள் எத்தனை பேர், புற்றுநோய் வந்த இடம் ஐ.சி.டி-ஓ என்ற பன்னாட்டுப் புற்றுநோய் வகைப்பாட்டுக் குறியீட்டில் நான்காம் எழுத்து வரை இருக்கிறதா, ஒப்பீட்டாளர்களை (நோயாளிகளோடு ஒப்பிட எடுக்கும், அந்தப் புற்றுநோய் இல்லாதவர்களை) எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள். நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் 'வாய்' என்று ஒன்றாகப் போட்டிருந்தால் பாதி மதிப்பு போய்விடும்.

ஒப்பீட்டாளர் தேர்வில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. அதே ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவிலிருந்து ஆட்களை எடுப்பார்கள். அங்கே பீடி குடிப்பவர்கள் ஏற்கெனவே அதிகம். அதனால் பீடிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு சுருங்கித் தெரியும். எலும்பு முறிவு, கண்புரை, குடலிறக்கம் என்று பல பிரிவுகளிலிருந்து எடுங்கள்; எந்த ஒரு நோயும் ஒப்பீட்டாளர்களில் பெரும்பங்காக இருக்கக் கூடாது.

வெற்றிலை, புகையிலை, பீடி பற்றி எப்படிக் கேட்பது? கூட்டமைப்பின் படிவத்தில் 'மெல்லும் புகையிலை: ஆம், இல்லை' என்று மட்டும்தான் இருக்கிறது.

அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுங்கள்; ஆனால் அதை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். புகையிலை இல்லாமல் போடும் வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டு முகமை 2004-இல் அறிவித்தது. பாக்கு மட்டும் போடும் ஆச்சியை 'இல்லை' என்ற கட்டத்தில் அடைத்தால் அந்த உண்மையே கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

வாசலில் உட்கார்ந்து பேசும் பேச்சு இப்படி இருக்கட்டும்:

"ஆச்சி, வெத்தல எப்பருந்து போடுதீய?"
"சின்னப்பிள்ளையிலருந்தே போடுதேன்."
"கல்யாணத்துக்கு முன்னாலயா, பொறவா?"
"மூத்தவ பொறந்த பொறவு."
"பொயல உண்டா, வெறும் பாக்கு மட்டுமா?"
"மொதல்ல பாக்குதான். அவுக தவறுன பொறவுதான் பொயல."
"ராத்திரி வாயில அடக்கிட்டே தூங்குவீயளா?"

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவு முழுக்கக் கன்னத்தில் ஒரே பக்கம் அடக்கி வைத்திருப்பது, பகலில் நாலு தடவை மென்று துப்புவதைப் போன்றதல்ல. சாறு அதே இடத்தில் மணிக்கணக்கில் ஊறுகிறது. எந்தக் கன்னம் என்பதையும் எழுதுங்கள். புகையிலை பின்னால் சேர்ந்தது என்றால் இரண்டு வரிசையாகப் பதிய வேண்டும்: பாக்கு மட்டும் எந்த வயது முதல் எது வரை, புகையிலையோடு எந்த வயது முதல். விட்டவர்களிடம் ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். வாய்ப்புண் வந்ததால் விட்டவரை 'பழக்கத்தை விட்டவர்' என்று மட்டும் எழுதினால், விட்டவர்களுக்குத்தான் நோய் அதிகம் என்று தலைகீழாக முடிவு வரும்.

பீடியை எண்ணிக்கையாகவே பதியுங்கள். 'ஒரு கட்டு' என்று பதில் வந்தால், கட்டில் எத்தனை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முடிந்தால் பிரித்து எண்ணிவிடுங்கள். பாதி குடித்து அணைத்துக் காதில் செருகிப் பிறகு பற்றவைப்பவர் உண்டு. அவருக்கு அது ஒன்றா, இரண்டா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிகரெட் கணக்குக்கு மாற்றும் வேலையைக் களத்தில் செய்யவே கூடாது. நாலு பீடிக்கு ஒரு சிகரெட் என்று ஒருவரும், ரெண்டுக்கு ஒன்று என்று இன்னொருவரும் மாற்றி எழுதிய பட்டியலை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. பீடி 12, சிகரெட் 2 என்று தனித்தனிப் பத்தியில் இருந்தால், பின்னால் எந்த விகிதத்தில் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வாசலில் கேட்கத் தவறியதை லியோனில் உட்கார்ந்து மீட்க முடியாது.

பீடி சுற்றும் பெண்களைப் 'புகையிலை பயன்படுத்துவோர்' என்று சேர்க்கலாமா?

கூடாது. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் எனப் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு இருக்கிறது. மடியில் தட்டோடு தினமும் பல மணி நேரம் தூளில் கைபடுகிறது, தூசி மூக்கில் ஏறுகிறது. அது தொழில்வழிப் பாதிப்பு. தனிப் பத்தி வேண்டும். எந்த வயதில் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை பீடி, வாரத்துக்கு எத்தனை நாள், தூள் மூட்டை படுக்கும் அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். கூலி ஆயிரம் பீடிக்கு என்று கணக்காவதால் எண்ணிக்கையைத் துல்லியமாகவே சொல்வார்கள். 'வேலை: இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு நகர்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகிறார், அல்லது காணாமலே போகிறார். ஏன்?

பெயர்தான் முதல் காரணம். வெளிநாட்டு மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பது தலைப்பெழுத்து. ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் ஊர்ப்பெயரைப் போடுவார். பெண்களுக்குக் கல்யாணமானதும் தலைப்பெழுத்தே மாறிவிடும். இசக்கியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தே மூன்று விதமாக வரும். பேச்சி, முப்பிடாதி, சுடலை எல்லாம் அப்படியே. ஆங்கிலப் பெயர்களுக்காக உருவான ஒலிக்குறியீட்டு முறைகள் இவற்றில் தடுமாறும். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். குடும்ப அட்டை எண்ணும் கைபேசி எண்ணும் இருந்தால் இணைப்பு எளிதாகும். பழைய பட்டியல் வானவில், பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் நூறு பெயரையாவது கண்ணால் சரிபாருங்கள்.

அடுத்தது வயது. 45, 50, 60 என்று உருண்டையாகச் சொல்வார்கள். ஆதாரில் உள்ள பிறந்த தேதி ஜனவரி 1 அல்லது ஜூலை 1 என்று இருந்தால் அது மதிப்பீடாக இருக்க வாய்ப்பு அதிகம். காமராசர் இறந்த 1975, எம்.ஜி.ஆர் இறந்த 1987, தாமிரபரணியில் வெள்ளம் வந்த 1992 நவம்பர் ஆகியவற்றோடு பொருத்திக் கேளுங்கள்: அப்போது கல்யாணமாகியிருந்ததா, கையில் பிள்ளை இருந்ததா?

முகவரியில் மாவட்டப் பெயரை நம்பாதீர்கள். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. அதற்குப் பிறகு 1997 வரை வந்த ஆவணங்களில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், சிதம்பரனார் மாவட்டம் என்றிருக்கும். 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2010-இல் திருநெல்வேலி என்று பதிவான சங்கரன்கோவில்காரர் இன்று வேறு மாவட்டம். வருவாய்க் கிராமம் வரை எழுதினால் எந்தக் காலத்து எல்லைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

தேதியில் ஒரு வலை இருக்கிறது: 03/07/1958 என்பது நமக்கு ஜூலை 3, கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மார்ச் 7. 12-க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் சரியாக நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று தனிப் பத்திகளாக வையுங்கள். தெரியாததற்கு 99 என்று குறிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கூட்டுக் கணக்கில் 99 பீடி குடித்தவர்கள் முளைத்துவிடுவார்கள்.

புற்றுநோய்ப் பதிவேட்டோடு எப்படி இணைப்பது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) தேசியப் பதிவேட்டுத் திட்டம் 1981-இல் தொடங்கியது. மாநிலம் முழுவதற்குமான தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஒருங்கிணைப்பில் நடக்கிறது. பதிவேடு எண்ணுவது அந்த ஊரில் குறைந்தது ஓராண்டு குடியிருந்தவர்களை மட்டுமே. எங்கே வைத்தியம் பார்த்தாலும் சரி. நம் பக்கத்தவர்கள் பலர் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு திருவனந்தபுரம், மதுரை, சென்னை என்று போவதால் ஒரே கட்டி மூன்று இடத்தில் பதிவாகும். தேதியில் முந்தைய பயாப்சியை வைத்து ஒன்றாக்குங்கள்.

மறுபக்கம், மும்பைக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் நழுவுகிறார்கள். சேர்க்கும் நாளிலேயே ஊரைவிட்டுப் போகாத இரண்டு உறவினர்களின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நடந்த சாவுக்கு 'வயசாயி', 'வயித்துவலி' என்றுதான் காரணம் இருக்கும். அதற்கு, வீட்டாரிடம் அறிகுறிகளைக் கேட்டுச் சாவின் காரணத்தைக் கணிக்கும் வாய்மொழி மரண விசாரணை தேவை. பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும், பிறகு போங்கள்.

ரத்த மாதிரி சேகரிப்பதில் எதில் கவனம்?

நேரம், குளிர், லேபிள் மூன்றிலும். சீரத்துக்கான குழாயை அறைச்சூட்டில் 30 நிமிடமாவது உறைய விட்டு, பிறகு 1500 ஜி விசையில் 10 முதல் 15 நிமிடம் சுழற்றுங்கள். 'ஜி' (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை என்பது) வேறு, சுற்று எண்ணிக்கை வேறு. சுழலியின் ஆரம் 15 செ.மீ என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று, 10 செ.மீ என்றால் ஏறக்குறைய 3,660. சிறிய இயந்திரத்திலும் 3,000 என்றே வைத்தால் விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், செல்கள் சரியாகப் பிரியாது.

சித்திரை வெயிலில் ஜீப்பின் பின்சீட்டில் வந்த குழாய் செவ்வணு உடைந்து சிவந்திருக்கும்; அதைத் தூக்கி எறிவதைவிட 'உடைந்தது' என்று குறித்து வையுங்கள், மரபணுச் சோதனைக்கு உதவும். ஐஸ் பெட்டிக்குள் குழாய் நேரடியாக ஐஸைத் தொடக் கூடாது. சீரத்தை அரை மில்லி வீதம் சிறு குப்பிகளாகப் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள். ஒரே பெரிய குப்பியாக வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உறைய வைக்க நேரும், புரதங்கள் கெடும். சாதாரண ஸ்டிக்கர் −80-இல் உரிந்துவிடும். உறைகுளிர் லேபிள் வாங்குங்கள். ஒருவருடைய எல்லாக் குப்பிகளையும் ஒரே ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். மின்தடை எச்சரிக்கை குறைந்தது இரண்டு பேர் கைபேசிக்குப் போக வேண்டும். தீபாவளி அன்று இரவு யார் வருவார் என்பதையும் முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்.

என்னென்ன அனுமதி வேண்டும்?

முதலில் நிறுவன நெறிமுறைக் குழு. அது சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்று பாருங்கள். வெளிநாட்டுக் கூட்டுறவோ நிதியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும், விண்ணப்பம் ஐ.சி.எம்.ஆர் வழியாகப் போகும். மாதிரி வெளியே போனால் மாதிரி பரிமாற்ற ஒப்பந்தம், விவரம் போனால் தரவு பரிமாற்ற ஒப்பந்தம். மீதமாகும் மாதிரியை என்ன செய்வார்கள் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

பெரும்பாலான பழைய ஆய்வுகள் தடுக்கி விழுவது ஒப்புதல் படிவத்தில். 'இந்த ஆய்வுக்கு மட்டும்' என்று எழுதி வாங்கியிருந்தால் கூட்டமைப்புக்குக் கொடுக்க முடியாது. எதிர்கால ஆய்வு, வெளிநாட்டோடு பகிர்வு, மரபணுச் சோதனை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக 'சம்மதம், சம்மதமில்லை' கேளுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் வேண்டும். விலகினால் மாதிரி அழிக்கப்படும், ஆனால் ஏற்கெனவே கூட்டிக் கணக்கிட்ட முடிவிலிருந்து பிரிக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

விவரங்களை வெளியே அனுப்பாமல் சேர வழி உண்டா?

உண்டு. 'டேட்டாஷீல்டு' போன்ற முறையில் விவரம் உங்கள் சர்வரிலேயே இருக்கும். கணக்குக் கட்டளை இங்கே வந்து, தொகுத்த எண்கள் மட்டும் திரும்பிப் போகும். அதற்கு நிலையான இணைய இணைப்பும் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் தேவை.

அனுப்புவதானால் பெயரை நீக்கினால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் மிக அரிது. அஞ்சல் குறியீடு, சாதி, பிறந்த தேதி மூன்றும் அருகில் இருந்தால் அந்த ஊரில் யாருக்குமே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஊருக்குப் பதில் வட்டம், தேதிக்குப் பதில் வயது. சாதி, கேள்விக்குத் தேவையில்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

கூடங்குளம் பக்கம் புற்றுநோய் கூடுகிறதா என்று மக்கள் கேட்கிறார்கள். கூட்டமைப்பு விடை தருமா?

அது நியாயமான கேள்வி. அதைக் கேட்பவரை அதட்டி அனுப்பக் கூடாது. விடை காணத் தேவையானவை: அணுமின் நிலையத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில் மின்கட்டமைப்பில் இணைவதற்கு முந்தைய நிலவரம், ஊர்வாரி மக்கள்தொகை வயதுவாரியாக, ஒவ்வொருவர் பெற்ற கதிரியக்க அளவு. ரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளில் தெரியலாம்; மற்றவை தெரியப் பத்தாண்டுக்கு மேலாகும். நோயாளிகள் இருக்கும் தெருவைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றிப் பிறகு எல்லை கீறி எண்ணினால் எந்த ஊரிலும் அதிகமாகத்தான் தெரியும். எல்லையை முதலில் கீறுங்கள்.

கேரளத்தின் கருநாகப்பள்ளியில், மோனசைட் மணலால் இயற்கைக் கதிரியக்கம் கூடிய கரையோரத்தில், 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்த முடிவு 2009-இல் வந்தது. கதிரியக்க அளவு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் 3,08,297 அணுசக்தித் தொழிலாளர்களைச் சேர்த்த 'இன்வொர்க்ஸ்' கூட்டாய்வோ, நீண்டகாலக் குறைந்த அளவுக்கும் ஆபத்து இருப்பதைக் காட்டியது. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்வது மக்களுக்குச் செய்யும் துரோகம்.

கட்டுரையில் எங்கள் பெயர் வருமா?

சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: ஆய்வுக்கு எத்தனை ஆசிரியர் இடம், புதிய கேள்வியை நீங்களும் முன்மொழியலாமா, வரைவைப் படிக்க எத்தனை நாள் தருவார்கள். விவரம் கொடுத்தால் மட்டும் ஆசிரியராக முடியாது. வரைவைத் திருத்தி, இறுதி வடிவத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் பாக்கு பற்றிய ஒரு கட்டுரையைப் பாக்கையே பார்த்திராதவர்கள் மட்டும் எழுதுவது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. முன்மொழிவை நீங்களே எழுதி அனுப்புங்கள்.

பங்கேற்றவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பல ஆண்டு கழித்து வரும் கட்டுரை அவர்களுக்கு உதவாது. அன்றைக்கே உதவுவது வாய்ப் பரிசோதனை. ஒரு டார்ச், ஒரு மரக்கரண்டி, கையுறை போதும். வெள்ளை அல்லது சிவப்புப் படை, மூன்று வாரம் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் படிவத்தில் குறித்து, தேதி போட்ட சீட்டோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். பத்து நாள் கழித்து, போனாரா என்று ஒரு போன் போடுங்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல், துணைக்கு ஆளில்லாமல் நின்றுவிட்டவர்களை அடுத்த களப்பயணத்தின் வண்டியிலேயே கூட்டிப் போக இடம் ஒதுக்குங்கள்.